டர்பனில் எழுதிய கதையை எங்கே அனுப்புவது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லாம் கிளம்பிய பிறகும் ஒரு பெண் மட்டும் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வயது பத்தொன்பது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் கோயில் மண்டபத்தில் நடக்கும் வகுப்புக்கு நான்கு வருடமாக வருகிறவள். கையில் ஐந்து தாள். தன் பூட்டி மவுன்ட் எட்ஜ்கோம் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்ததை, வீட்டில் கேட்டுக் கேட்டு மனதில் பதிந்ததை, தமிழிலேயே கதையாக எழுதியிருந்தாள். ஒற்றுப்பிழை நிறைய. ஆனால் கரும்புத் தோகை முழங்கையை அறுப்பதையும், அந்தக் கையோடு பூட்டி வந்து அடுப்பு மூட்டுவதையும் அவள் எழுதியிருந்த இடத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. நான் நிமிர்ந்ததும் கேட்டாள்: "அக்கா, இதை எங்க அனுப்புறது?"

அவள் வயதில் நான் இதே கேள்வியைக் கேட்டபோது, "சபை மலரில் போடலாம்" என்றார்கள். போட்டார்கள். திருவிழா நாளில் நூறு பேர் கையில் அந்த மலர் இருந்தது. அடுத்த வாரம் எங்கே போனதென்று தெரியாது. ஊர்த் தமிழ்ச் சங்கங்களான இந்தச் சபைகளை நான் குறை சொல்லவில்லை. இந்த மண்ணில் தமிழ் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதே அவர்களால்தான். ஆனால் இன்று எழுத வரும் பிள்ளைக்கு அந்த ஒரு பதில் போதாது. அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பலருக்கும் தெரியாத ஒரு செய்தி. காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்குத் தமிழில் எழுதிய கதையை அனுப்பலாம். மொழிபெயர்க்க வேண்டியதில்லை, தமிழிலேயே அனுப்பலாம். 2012 முதல் இன்றைய வடிவில் நடக்கும் இந்தப் பரிசு ஆங்கிலத்தோடு வங்காளம், சீனம், பிரெஞ்சு, மலாய், போர்ச்சுகீசியம், சுவாஹிலி என்று பல மொழிக் கதைகளை ஏற்கிறது. அந்த வரிசையில் தமிழும் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. காமன்வெல்த் நாடு ஒன்றின் குடியுரிமையும் 18 வயதும் இருந்தால் போதும். தென்னாப்பிரிக்கா 1961இல் அந்தக் கூட்டமைப்பை விட்டு வெளியேறி 1994இல் திரும்பச் சேர்ந்தது. ஆகவே நமக்கு வழி திறந்தே இருக்கிறது. உலகத்தை ஐந்து வட்டாரமாகப் பிரித்து வட்டாரத்துக்கு ஒரு கதையைத் தேர்ந்தெடுத்து 2,500 பவுண்டு தருகிறார்கள். அந்த ஐந்தில் ஒன்றுக்கு முதல் பரிசு, 5,000 பவுண்டு. வட்டாரப் பரிசு பெற்ற கதைகள் லண்டன் கிராண்டா இதழின் தளத்தில் ஆங்கிலத்தில் வெளியாகின்றன.

பணத்தைவிட எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. டர்பனிலிருந்து போகும் தமிழ்க் கதை ஆப்பிரிக்க வட்டாரத்தில் சேர்கிறது. நைஜீரியாவின் ஆங்கிலக் கதையோடும் தான்சானியாவின் சுவாஹிலிக் கதையோடும் மொசாம்பிக்கின் போர்ச்சுகீசியக் கதையோடும் ஒரே பந்தியில் உட்காருகிறது. அதாவது தமிழ் அங்கே ஆப்பிரிக்காவில் எழுதப்படும் ஒரு மொழியாக எண்ணப்படுகிறது. 160 ஆண்டுக்கு மேல் இங்கே வாழ்ந்தவர்களின் மொழிக்கு அந்த இடம் உரியதுதான். ஆனாலும் ஒரு போட்டியின் விதியில் அதை முதன்முதலாகப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

நடைமுறைக்கு வருவோம். கதை 2,000 முதல் 5,000 சொற்களுக்குள் இருக்க வேண்டும். நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஆங்கிலத்தில் நான்கைந்து சொல் கேட்கும் இடத்தில் தமிழில் "வந்திருக்கவேண்டாமா" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதனால் ஆங்கிலக் கணக்கில் 3,000 சொல் வரும் கதை தமிழில் 2,000ஐத் தொடாமல் நின்றுவிடக்கூடும். பத்திரிகைக் கதை அளவில் எழுதிப் பழகிய கைக்கு 2,000 தமிழ்ச் சொல் என்பது நீளமான கதை. எழுதி முடித்து எண்ணிப் பாருங்கள். குறைகிறது என்பதற்காகச் சொல்லைப் பிரித்துப் பிரித்து எழுதி ஏமாற்ற வேண்டாம். முதல் சுற்றில் படிப்பவர் தமிழ் தெரிந்தவர்தான், அவருக்குத் தெரிந்துவிடும். கதையில் சொல்லாமல் விட்டது என்ன என்று தேடினால் குறைகிற சொல் தானாக வரும்.

இன்னொரு விதி, கதை இதற்கு முன் எங்கும் வெளிவந்திருக்கக் கூடாது. இணையத்தில் வந்ததும் வெளிவந்ததுதான். சபை மலர், முகநூல், சொந்த வலைப்பூ எல்லாமே இதில் அடங்கும். எத்தனையோ நல்ல கதைகள் வாட்ஸ்அப் குழுவிலும் முகநூலிலும் பத்து விருப்பக்குறிக்காகப் போடப்பட்டு, அதோடு மற்ற வாசல்களை இழந்திருக்கின்றன. எழுதியவுடன் யாராவது படிக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரியும். அப்படியானால் இரண்டு பேருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். பொதுவெளியில் போடுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக செப்டம்பர் தொடக்கத்தில் இந்தப் பரிசுக்கு வாசல் திறந்து நவம்பர் முதல் நாளில் மூடும். ஆளுக்கு ஒரு கதைதான். அந்த வருடத்து விதியை அவர்கள் தளத்திலேயே ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புவது நல்லது.

சரி, இவ்வளவு காலமாக இங்கே தமிழில் எழுதுவோர் ஏன் இப்படித் திக்குத் தெரியாமல் நின்றார்கள்? இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தில் நின்றது. அதில் வந்தவர்கள் 342 பேர். 1911இல் ஒப்பந்தக் கூலிமுறை நிற்கும்வரை 1,52,184 பேர் டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. அவர்களில் எழுதத் தெரிந்தவர் குறைவு, பாடத் தெரிந்தவர் மிகுதி. கோயில் வந்தது, தெருக்கூத்து வந்தது, காவடி வந்தது. அச்சு மட்டும் தாமதமாகத்தான் வந்தது.

1903 ஜூன் 4ஆம் நாள் டர்பனில் இந்தியன் ஒப்பீனியன் வார இதழ் தொடங்கியபோது அது நான்கு மொழியில் வெளிவந்தது: ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ். அடுத்த வருடம் காந்தி அச்சகத்தையே ஃபீனிக்ஸ் பண்ணைக்கு மாற்றினார். பண்ணையில் இருந்த ஒவ்வொருவரும் எழுத்துக் கோக்கக் கற்க வேண்டும் என்பது அங்கே விதி. அப்படி இருந்தும் 1906 தொடக்கத்தில் தமிழ்ப் பக்கமும் இந்திப் பக்கமும் நின்றுபோயின. அந்த மொழிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அமையவில்லை என்பதுதான் காரணம். எழுதி நடத்த ஆசிரியர் வேண்டும், கோக்கக் கம்பாசிட்டர் வேண்டும், இரண்டுமே கிடைக்கவில்லை.

இந்தக் காரணத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலத்துக்கு 26 எழுத்தும் அதன் பெரிய வடிவமும் இருந்தால் பெட்டி நிறைந்துவிடும். தமிழ் ஈய எழுத்துக்கு எத்தனை அறை! உகரம், ஊகாரம் ஏறிய எழுத்துக்குத் தனித்தனி அச்சு. பழைய ணை, லை, னை வேறு. அந்தப் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு கையாளும் கம்பாசிட்டர் சென்னையில் தெருவுக்கு ஒருவர் இருந்தார். டர்பனில் ஒருவரைத் தேட வேண்டியிருந்தது. ஒரு கதை எழுதுவதற்கும் அது அச்சாவதற்கும் நடுவே நின்றது கடல்தான் என்று நாம் நினைக்கிறோம். அந்த ஈயப் பெட்டியும் நின்றது.

1913 இறுதியில் சத்தியாக்கிரகம் உச்சத்தில் இருந்தபோது தமிழ்ப் பக்கம் மறுபடி தலைகாட்டியது. சிறைக்குப் போனவர்களில் தமிழர் அத்தனை பேர் இருந்தார்கள். அவர்கள் குடும்பத்துக்குச் செய்தி போக வேண்டியிருந்தது. இதற்கு இடையில் பி.எஸ். ஐயர் 1908இல் டர்பனில் ஆப்பிரிக்கன் கிரானிக்கிள் என்ற இதழைத் தொடங்கி ஆங்கிலத்தோடு தமிழையும் அச்சிட்டார். காந்தியோடு கடுமையாக வாதாடிய மனிதர். அவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதே இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. தமிழ் எழுத்தை இந்த நாட்டில் வாரா வாரம் தூக்கிப் பிடிக்கப் பாடுபட்டவர்களில் அவர் முக்கியமானவர்.

அப்புறம் பள்ளிக்கூடம் முழுக்க ஆங்கிலமானது. தமிழ் மாலை வகுப்புக்குச் சுருங்கியது. இனத்துக்கு ஒரு பகுதி என்று ஒதுக்கிய 1950இன் குழுப் பகுதிகள் சட்டம், டர்பனின் கேட்டோ மேனரிலும் மற்ற இடங்களிலும் சேர்ந்து வாழ்ந்த குடும்பங்களைப் பிரித்து சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் அனுப்பியது. தாத்தா, ஆயா ஒரு இடம், பேரப்பிள்ளை ஒரு இடம் என்று ஆனால் மொழி எப்படி நிற்கும்? எழுத வந்தவர்கள் ஆங்கிலத்தில் எழுதினார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. டர்பன் எழுத்தாளர் ரோனி கோவெந்தர் கேட்டோ மேனரை எழுதிய கதைகள் ஆங்கிலம்தான். ஆனால் அதில் பேசுகிறவர்கள் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர்கள். அந்தத் தொகுப்பு 1997இல் ஆப்பிரிக்க வட்டாரத்தின் சிறந்த முதல் நூலுக்கான காமன்வெல்த் பரிசைப் பெற்றது. அப்போது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. டர்பனில் மருத்துவம் பார்த்த டாக்டர் குணம் தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாக வெளியிட்டது 1991இல், 85 வயதில். வயதாகிவிட்டது என்று என்னிடம் சொல்லும் அக்காமாருக்கு நான் இந்த இரண்டு பேரைத்தான் காட்டுகிறேன்.

சட்டத்தில் தமிழுக்கு இடம் இல்லாமல் இல்லை. 1996 அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு, தென்னாப்பிரிக்க மொழி வாரியம் மதிப்போடு வளர்க்க வேண்டிய சமூக மொழிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருது இவற்றோடு தமிழும் அதில் இருக்கிறது. 2014இல் குவாசுலு-நேட்டால் பள்ளிகளில் இந்த ஐந்து மொழிகளும் விருப்பப் பாடமாகத் திரும்பி வந்தன. ஆனால் ஆட்சிமொழிப் பட்டியலில் இன்று 12 மொழி; தமிழ் அதில் இல்லை. உள்நாட்டு இலக்கியப் பரிசுகளும் உதவித்தொகைகளும் பெரும்பாலும் அந்தப் பட்டியலைச் சுற்றியே ஓடுகின்றன. அதனால்தான் இங்கே தமிழில் எழுதுகிறவருக்கு உள்ளூர் வாசல் ஒடுங்கியும் வெளி வாசல் அகன்றும் இருக்கிறது. இது நம் திறமைக் குறைவால் வந்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

அந்த வெளி வாசலைத் திறந்தது யூனிகோடு. எந்தக் கம்பாசிட்டர் இல்லாமல் 1906இல் தமிழ்ப் பக்கம் நின்றதோ, அவர் வேலையை இன்று கைப்பேசி விசைப்பலகை செய்கிறது. டோங்காட்டில் உட்கார்ந்து தட்டிய கதை அன்று மாலையே கோலாலம்பூரிலோ டொராண்டோவிலோ ஒரு ஆசிரியர் திரையில் இருக்கும். 1999இல் தொடங்கிய திண்ணை, கனடாவிலிருந்து 2000 முதல் வரும் பதிவுகள், 2009இல் தொடங்கிய சொல்வனம், மலேசியாவின் வல்லினம் ஆகிய இணைய இதழ்கள் எல்லாம் வெளிநாட்டில் எழுதும் தமிழருக்கு இடம் கொடுத்து வளர்ந்தவை. அச்சில் 1988இல் தொடங்கிய காலச்சுவடு போன்றவை இருக்கின்றன. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா, ஐரோப்பா என்று புலம்பெயர்ந்த தமிழ் எழுத்துக்கு ஒரு பெரிய வாசகர் கூட்டம் உருவாகிவிட்டது. அந்தக் கூட்டத்துக்குத் தென்னாப்பிரிக்கத் தமிழ் வாழ்க்கை பற்றி காந்தியும் தில்லையாடி வள்ளியம்மையும் தவிர வேறு எதுவும் அதிகம் தெரியாது. எழுத வருகிறவருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு எது?

இதழ்களுக்கு அனுப்பும்போது சில பழக்கங்கள் வேண்டும். யூனிகோடில் தட்டி வேர்ட் கோப்பாக அனுப்புங்கள். பிடிஎஃப் வேண்டாம், அவர்களால் திருத்த முடியாது. கையெழுத்துத் தாளைப் படம் எடுத்து அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். மூன்று வரியில் நீங்கள் யார், எந்த ஊர் என்று எழுதினால் போதும். "இது என் முதல் கதை, தயவு செய்து" என்று கெஞ்ச வேண்டாம். ஒரே நேரத்தில் ஒரு கதையை ஒரு இதழுக்குத்தான் அனுப்ப வேண்டும். தமிழ் இதழுலகம் சிறியது, இரண்டு இடத்தில் ஒரே கதை வந்தால் இரண்டு ஆசிரியருக்கும் மனம் கசக்கும். இரண்டு மூன்று மாதம் காத்திருந்து, பதில் வராவிட்டால் ஒரு வரி நினைவூட்டி, அதற்கும் பதில் இல்லையென்றால் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டு அடுத்த இடத்துக்கு அனுப்பலாம். பதில் வராதது உங்கள் கதைக்குக் கிடைத்த தீர்ப்பு ஆகாது. அந்த இதழை இரண்டு மூன்று பேர் சம்பளமில்லாமல் ராத்திரி உட்கார்ந்து நடத்துகிறார்கள்.

பலர் கேட்பது புத்தகம் பற்றித்தான். கதை ஒன்றுகூட வெளிவராமல் புத்தகம் போட ஆசைப்படுகிறார்கள். தமிழில் புத்தகம் பெரும்பாலும் இதழிலிருந்துதான் பிறக்கிறது. இதழில் நான்கைந்து கதை வந்து, பெயர் நினைவில் நின்று, பிறகுதான் பதிப்பாளர் திரும்பிப் பார்ப்பார். காலமும் பார்க்க வேண்டும். தமிழ்ப் பதிப்புலகத்தின் ஆண்டு சென்னைப் புத்தகக் காட்சியைச் சுற்றி ஓடுகிறது. 1977இல் தொடங்கிய அந்தக் காட்சி வழக்கமாக ஜனவரியில், பொங்கலை ஒட்டி நடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பதிப்பகங்களில் அட்டை, மெய்ப்புத் திருத்தம், அச்சகம் என்று தலைக்கு மேல் வேலை. அந்த நேரத்தில் புது ஆள் அனுப்பும் கையெழுத்துப் பிரதி அடியில் போய்விடும். பிப்ரவரிக்குப் பிறகு அனுப்புங்கள். மூச்சு விட்டுப் படிப்பார்கள்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு உள்ளூரிலேயே வழி இருக்கிறது. கேப் டவுனின் நியூ கான்ட்ராஸ்ட் 1960 முதலும், கவிதைக்கான நியூ காயின் 1965 முதலும் வருகின்றன, புதியவர்களைப் படிக்கிறார்கள். பெண்களுக்கு 2007இல் தொடங்கிய மொஜாஜி பதிப்பகம் இருக்கிறது, தென்னாப்பிரிக்கப் பகுதிப் பெண்களின் எழுத்துக்கென்றே. கவிதைக்கு உஹ்லாங்கா, 2014இல் டர்பனில் தொடங்கியது. முதல் தொகுப்புகளுக்குப் பெயர் பெற்றது. நம் வரலாறு சார்ந்த நூலுக்கு குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகப் பதிப்பகம். டர்பன் நகரமே 2017இல் யுனெஸ்கோவின் இலக்கிய நகரமானது, ஆப்பிரிக்காவில் முதலாவதாக. 1998 முதல் டைம் ஆஃப் தி ரைட்டர் என்ற எழுத்தாளர் விழாவையும், அதற்கு ஒரு வருடம் முன்பிருந்து பொயட்ரி ஆப்பிரிக்கா என்ற கவிதை விழாவையும் பல்கலைக்கழகத்தின் படைப்புக் கலை மையம் நடத்துகிறது. அங்கே போய் உட்காருங்கள். பதிப்பாளரைத் துரத்த வேண்டியதில்லை. எழுதுகிறவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், என்ன படிக்கிறார்கள் என்று கேட்பதே ஒரு பள்ளிக்கூடம். ஒவ்வொரு முறை போகும்போதும் அரங்கில் நம்மவர் முகம் குறைவாக இருப்பதைப் பார்க்கிறேன். வீட்டிலிருந்து அரை மணி நேர வண்டிதான்.

இனி பணம். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வலிக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். எட்டு வருடத்துக்கு முன் என் கவிதைகளைப் புத்தகமாகப் போடுவதாகத் தமிழ்நாட்டில் ஒருவர் சொன்னார். "வெளிநாட்டுத் தமிழர், செலவில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்" என்றார். நான் வகுப்பெடுத்துச் சேர்த்த பணத்தை அனுப்பினேன். மெய்ப்பு எனக்கு வரவே இல்லை. ஆறு மாதம் கழித்து 300 பிரதி பெட்டியில் வந்து இறங்கியது. கப்பல் கூலி என் தலையில். 41ஆம் பக்கத்தில் இரண்டு கவிதை ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. "புத்தகக் காட்சியில் இருக்கும்" என்றார், இல்லை. எந்தக் கடையிலும் இல்லை. செலவில் பாதி என்று அவர் சொன்னது முழுச் செலவையும் தாண்டியது என்று பின்னால் ஒரு அச்சகக்காரர் கணக்குப் போட்டுக் காட்டியபோதுதான் தெரிந்தது. அந்தப் பெட்டிகளில் நான்கு இன்னும் என் வண்டிக் கொட்டகையில் இருக்கின்றன. மூன்று வருடம் நான் எதுவும் எழுதவில்லை. இது இன்னொரு பிள்ளைக்கு நடக்கக் கூடாது.

எழுத்தாளர் பணம் கொடுத்தாலே மோசடி என்று சொல்ல மாட்டேன். தமிழில் கவிதை விற்பது கடினம். ஒருகாலத்தில் 1,000, 1,200 பிரதி போட்டவர்கள் இன்று 200, 300 போட்டு, தீர்ந்தால் மறுபடி அடிக்கிறார்கள். செலவைப் பகிரும் ஏற்பாடு நேர்மையாகவும் இருக்கலாம். ஆனால் பணம் அனுப்புவதற்கு முன்னால் எழுத்தில் வாங்க வேண்டியவை உண்டு. எத்தனை பிரதி, எந்தத் தாள், மெய்ப்பு எத்தனை முறை உங்களுக்கு வரும், எந்தக் கடையில் இருக்கும், விற்றதில் உங்களுக்கு என்ன என்று கேளுங்கள். தமிழில் உரிமைத்தொகை பொதுவாகப் புத்தக விலையில் 10 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். மின்னூல் உரிமை, மொழிபெயர்ப்பு உரிமை, திரைப்பட உரிமை எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதி வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த நாட்டின் 1978 பதிப்புரிமைச் சட்டப்படி நீங்கள் எழுதிய கணத்திலேயே அது உங்களுடையது. எங்கும் பதிய வேண்டியதில்லை. உங்கள் காலத்துக்குப் பிறகும் 50 வருடம் உங்கள் பிள்ளைகளுக்கு அந்த உரிமை இருக்கும். "பதிப்புரிமை வாங்கித் தருகிறோம், இவ்வளவு கட்டணம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம்.

தானே புத்தகம் போட நினைப்பவருக்கு இந்த நாடு உதவுகிறது. நூலுக்கு அடையாளமான ஐஎஸ்பிஎன் எண்ணைப் பிரிட்டோரியாவில் உள்ள தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. தனி ஆளும் கேட்கலாம். அதற்கும் காசு கேட்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். 1997 சட்டப்படி வெளியான நூலைக் காப்பு நூலகங்களுக்குக் கொடுக்க வேண்டும்: கேப் டவுன், பிரிட்டோரியா தேசிய நூலகங்கள், நாடாளுமன்ற நூலகம், புளூம்ஃபான்டெய்ன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நூலகங்கள். பலர் இதை ஒரு தொல்லையாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய கொடையாகத் தெரிகிறது. நம் சபை மலர்கள் எத்தனை கரையான் அரித்துப் போயின! அந்த ஐந்து அலமாரியில் வைத்தது போகாது. இன்னும் நூறு வருடம் கழித்து ஒரு பிள்ளை கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். அச்சிடவே வசதி இல்லையென்றால் மின்னூல் இருக்கிறது. கிண்டிலில் தமிழில் போடலாம். இலவசமாகப் பலர் கையில் சேர வேண்டும் என்றால் 2013 முதல் நடக்கும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தன்னார்வலர்கள் பொதுப்பகிர்வு உரிமத்தில் வெளியிட்டுத் தருகிறார்கள்.

நம் பிள்ளைகள் எழுதும் தமிழைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பயம். சென்னைக்காரர் சிரிப்பார்களோ, இலங்கைக்காரர் திருத்துவார்களோ என்று. அந்தப் பயத்தில் பத்திரிகைத் தமிழை இரவல் வாங்கி எழுதுகிறார்கள். கதையில் வரும் ஆயா திடீரென்று சென்னை தொலைக்காட்சித் தொடர் மாதிரி பேசுகிறார். மீலி மாவு சோளமாவாகிவிடுகிறது, பன்னி சௌ ரொட்டியும் குழம்புமாகிவிடுகிறது, லானி முதலாளியாகிவிடுகிறார். ஒற்றுப்பிழையை யாராவது திருத்திக் கொடுப்பார்கள், நானும் திருத்துவேன். ஆனால் லானி என்ற சொல்லில் இருக்கும் நூறு வருடத்து அடக்கமும் கசப்பும் முதலாளி என்ற சொல்லில் இல்லை. அதை எடுத்துவிட்டால் எந்த ஆசிரியராலும் திரும்ப வைக்க முடியாது. ஈழத்து எழுத்தாளர்கள் தங்கள் பேச்சை அப்படியே எழுதியதால்தான் இன்று தமிழ்நாட்டு வாசகர் அதைத் தேடிப் படிக்கிறார். நம் பேச்சுக்கும் அந்த இடம் இருக்கிறது, இன்னும் யாரும் வந்து உட்காரவில்லை.

அந்தப் பெண்ணின் கதையை அன்று இரவே எண்ணிப் பார்த்தேன். 1,410 சொல். எங்கும் வெளிவரவில்லை, முகநூலிலும் போடவில்லை என்று உறுதி சொன்னாள். செப்டம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் பூட்டி ஏன் ஊருக்குத் திரும்பவில்லை என்பது கதையில் இல்லை. அதை வீட்டில் கேட்டுப் பார் என்று சொல்லி அனுப்பினேன். அவளுடைய ஆயாவுக்கு எண்பத்தொன்று. மூன்று ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. 1,860 ஆகியிருக்கிறதாம். கூடவே ஒரு கேள்வி: "அக்கா, ஆயா எப்பவும் சிர்தார்னுதான் சொல்றாங்க. கங்காணின்னு மாத்தணுமா?"

மாற்றாதே என்று பதில் போட்டேன்.